கிளை நூலகத்துக்குக் கணினி வருதாம். வடசென்னை வாசகர்கள் நாம என்ன கேக்கணும்?

வண்ணை வாசகன்:

எல்லாருக்கும் வணக்கம். எங்க பகுதிக் கிளை நூலகத்தைப் புதுப்பிக்கப் போறாங்க. கணினி, இணையம், புது மேசை எல்லாம் வரும்னு பேச்சு. வாசகர் வட்டத்துல இருக்கற எங்களைக் கூப்பிட்டு, "உங்களுக்கு என்ன வேணும்னு ஒரு மனு எழுதிக் குடுங்க, மேல அனுப்பறேன்"னு நூலகர் அம்மா சொல்லியிருக்காங்க. பதினஞ்சு நாள் டைம்.

அந்த நூலகத்தோட எனக்கு முப்பது வருஷப் பழக்கம். அப்பா சைக்கிள் பார்ல உக்கார வெச்சுக் கூட்டிட்டுப் போவார். இப்போ போய் நின்னு பாத்தா மனசு உறுத்துது. காலையில கதவு திறக்கறதுக்கு முன்னாடியே வாசல்ல பத்துப் பன்னெண்டு பேர் நிக்கறாங்க. திறந்ததும் நேரா ஃபேனுக்குக் கீழ இருக்கற மேசைக்கு ஓடறாங்க. பையிலேர்ந்து வர்றது சொந்த கைடு, சொந்த நோட்டு. எல்லாம் போட்டித் தேர்வுப் பிள்ளைங்க. நாளிதழ் பக்கம் பெரியவங்க. அலமாரிகளுக்கு நடுவுல மட்டும் ஆளே இல்ல. நேத்து ஒரு நாவலை எடுத்தேன், பின்னாடி ஒட்டியிருக்கற தேதித் தாள்ல கடைசி முத்திரை 2017.

கணினியும் வந்துட்டா அந்த அலமாரிங்களை ஒரேயடியா ஓரங்கட்டிடுவாங்களோன்னு பயமா இருக்கு. மனுவுல என்ன எழுதலாம்? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

குரூப்4 கொருக்குப்பேட்டை:

அண்ணா, அந்தப் பன்னெண்டு பேர்ல ஒருத்தனா நானும் இருந்திருக்கேன், வேற நூலகத்துல. ஏன் ஓடறோம்னு சொல்றேன்.

எங்க வீடு ஒரே ரூம், அஞ்சு பேர். ராத்திரி தங்கச்சிக்கு லைட் இருந்தா தூக்கம் வராது, பாட்டிக்கு டிவி இல்லாம முடியாது. கூட்ஸ் வண்டி சத்தம் வேற. தனியார் ரீடிங் ஹால் போனா மாசாமாசம் பணம் கட்டணும். எனக்கு இருக்கற ஒரே அமைதியான இடம் நூலகம்தான். பாடப்புத்தகம் எல்லாம் அரசு வெப்சைட்ல பிடிஎஃப்பா இலவசமா கிடைக்குது, உண்மைதான். ஆனா அதை அஞ்சு இன்ச் போன்ல காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் படிச்சுப் பாருங்க, கண்ணு எரியும், மதியத்துக்குள்ள சார்ஜ் போயிடும். எங்க ஹால்ல ப்ளக் பாயின்ட் ரெண்டு. அதுல ஒண்ணு தண்ணி மெஷினுக்கு.

அதனால மனுவுல முதல்ல ப்ளக் பாயின்ட் எழுதுங்க. அடுத்தது சுத்தமான கழிவறை. எங்ககூடப் படிச்ச ரெண்டு பொண்ணுங்க அதுக்காகவே மதியத்தோட கிளம்பிடுவாங்க.

இன்னொண்ணும் சொல்லணும். அலமாரிப் பக்கம் நாங்க வரவே மாட்டோம்னு நினைக்காதீங்க. ஒரு தடவை கரண்ட் போச்சு, ஜன்னல் ஓரமா வெளிச்சத்துக்காக நின்னேன். அங்க இருந்த அலமாரியில பெரம்பூர் மில் தொழிலாளர்களைப் பத்தி ஒரு பழைய புத்தகம். 1918-ல நம்ம ஊர்லதான் சென்னைத் தொழிலாளர் சங்கம் ஆரம்பிச்சாங்கன்னு கைடுல ஒரு வரியா மனப்பாடம் பண்ணியிருந்தேன். எங்க தாத்தாவோட அப்பா அதே மில்லுலதான் வேலை பாத்தார். அன்னிக்கு நோட்டை மூடி வெச்சிட்டு அதைத்தான் படிச்சேன். அந்த அலமாரி ஜன்னல் ஓரமா இல்லாம உள்ளே மூலையில இருந்திருந்தா எனக்கு அது தெரிஞ்சிருக்காது.

தாள் அட்டை:

தம்பி எழுதியதைப் படித்ததும் எனக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் ஓய்வுபெற்ற நூலகன். முப்பத்து நான்கு ஆண்டுப் பணியில் பாதிக்கு மேல் வடசென்னையில்தான்.

வண்ணை வாசகன் ஐயா, படிக்க இடம் தேடி வருபவர்களை நூலகத்துக்குப் புறம்பானவர்களாக எண்ணாதீர்கள். நம் பகுதியில் வாசிப்பு தொடங்கியதே படிப்பகத்தில். தெருமுனையில் ஒரு கூரை, இரண்டு பெஞ்ச், நான்கு நாளிதழ். எழுத்துத் தெரிந்த ஒருவர் உரக்கப் படிப்பார், சுற்றிலும் பத்துப் பேர் கேட்பார்கள். புத்தகமே இல்லாத படிப்பகங்களும் இருந்தன. அவற்றிலிருந்து கிளம்பி வந்து என்னிடம் உறுப்பினர் அட்டை வாங்கியவர்கள் எத்தனையோ பேர்.

சீர்காழியில் பிறந்த சீ. இரா. அரங்கநாதன் 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானார். அதுவரை கணக்கு வாத்தியார். 1931-ல் அவர் நூலாக வெளியிட்ட ஐந்து விதிகளில் முதலாவது, நூல்கள் பயன்பாட்டுக்கே என்பது. ஐந்தாவது, நூலகம் வளரும் உயிர் என்பது. அதே 1931-ல் மன்னார்குடிப் பக்கம் மேலவாசலிலிருந்து மாட்டுவண்டியில் நூலகம் கிளம்பியது. அந்தக் காலத்துக் கிராமத்துக்கு எட்டிய தொழில்நுட்பம் மாட்டுவண்டி. இன்று கணினி வருகிறது. எதில் ஏற்றுகிறோம் என்பதைவிட யார் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்துகிறோம் என்பதைத்தான் அவர் பார்த்தார்.

மனு எழுதத் தயங்கவும் வேண்டாம். விடுதலை பெற்ற இந்தியாவில் முதன்முதலில் பொது நூலகச் சட்டம் வந்தது நம் மாகாணத்தில்தான், 1948-ல். சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு நூலக வரியாகப் போகிறது. வாடகைக்கு இருப்பவரும் வீட்டுக்காரர் வழியாக அதைக் கட்டுகிறார். உரிமையோடு கேளுங்கள்.

எண்ணூர் நைட் ஷிஃப்ட்:

எனக்கு வேற கஷ்டம். நான் வேலை முடிச்சு வீடு வர்ற நேரம் எந்த நூலகமும் திறந்திருக்காது. லீவு நாள்ல தூக்கம்தான். என்னைப் போல ஆளுக்கு நூலகம் போன்ல வந்தாத்தான் உண்டு. தமிழ் இணையக் கல்விக்கழகத்தோட மின்னூலகத்துல நிறைய பழைய புத்தகம் இருக்கு. மதுரைத் திட்டம்னு ஒண்ணு, 1998 பொங்கல்லேர்ந்து தன்னார்வலர்கள் தமிழ் நூல்களைத் தட்டச்சு பண்ணி இணையத்துல போட்டுட்டு வர்றாங்க. இதெல்லாம் இருக்கும்போது எதுக்கு எல்லாக் கிளையிலயும் அதே பழைய அலமாரி? எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணிப் போட்டா முடிஞ்சுதே?

நூற்பட்டியல் அக்கா:

நான் கல்லூரி நூலகத்துல வேலை பாக்கறேன், வீடு பெரம்பூர். எண்ணூர் தம்பி, உங்க தேவை நியாயமானது. ஆனா எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணிப் போட முடியாது. நம்ம சட்டப்படி எழுத்தாளர் காலமாகி 60 வருஷம் வரைக்கும் பதிப்புரிமை உண்டு. தமிழ்ல நமக்கு ஒரு பெரிய வசதி, அரசு நாட்டுடைமை ஆக்கின படைப்புகள். பாரதியார்ல தொடங்கி நூத்துக்கும் மேல எழுத்தாளர்கள். அதெல்லாம் தாராளமா போடலாம். நேத்து வந்த நாவல் வேணும்னா பதிப்பாளர்கிட்ட உரிமம் வாங்கணும். இப்போதைக்கு அது காகிதத்துலதான் கிளைக்கு வரும். அதனால அலமாரியும் வேணும், போனும் வேணும்.

நான் சொல்ல வந்தது நூற்பட்டியலைப் பத்தி. கணினி வருதுன்னா எல்லாரும் வைஃபை, டேப்லெட்டுன்னு யோசிப்பாங்க. கிளை நூலகத்துல கணினி செய்ய வேண்டிய முதல் வேலை, "இந்தப் புத்தகம் இங்க இருக்கா, எந்த அலமாரி, யாராவது எடுத்துட்டுப் போயிருக்காங்களா"ங்கற மூணு கேள்விக்கு பதில் சொல்றது. அலமாரிப் பக்கம் ஆள் வராததுக்கும் இது ஒரு காரணம். புத்தகங்களைப் பொருள்வாரியா எண் போட்டுப் பிரிக்கற டூயி முறையில தமிழ் இலக்கியம் மொத்தமும் 894.811-க்குள்ள அடங்குது. கடைசியில 1 போட்டா கவிதை, 2 நாடகம், 3 கதை. முதுகுல ஒட்டின அந்த நம்பர் நமக்குப் புரியும், புதுசா வர்ற பையனுக்கு எப்படிப் புரியும்?

மென்பொருளுக்குச் செலவே வேண்டாம். நியூசிலாந்துல ஒரு சின்ன ஊர் நூலகத்துக்காக உருவாகி, 2000-ல பயன்பாட்டுக்கு வந்தது கோஹா. மாவோரி மொழியில அந்தச் சொல்லுக்குப் பரிசுன்னு அர்த்தம். கட்டற்ற மென்பொருள், தமிழ் எழுத்தை அப்படியே ஏத்துக்கும்.

சிக்கல் நம்ம பதிவுலதான். நான் வேலைக்குச் சேர்ந்தப்போ எங்க கல்லூரிப் பட்டியல்ல திருக்குறள் உரைகள் மூணு இடத்துல சிதறிக் கிடந்துது. தலைப்பை ஆங்கில எழுத்துல அடிச்சு வெச்சிருந்தாங்க. ஒருத்தர் டி, ஐ-ன்னு ஆரம்பிச்சிருக்கார், இன்னொருத்தர் டி, எச், ஐ. மூணாமவர் பழைய எழுத்துருவுல தமிழா அடிச்சிருக்கார். அந்த எழுத்துரு இல்லாத கணினியில திறந்தா ஆங்கில எழுத்தும் குறியுமா வெறும் குப்பையா தெரியும். ஒரு மாணவி பரிமேலழகர் உரை கேட்டு வந்தா, கணினி இல்லைன்னு சொல்லுச்சு. ரெண்டு அலமாரி தள்ளி நாலு பிரதி இருந்துது. அந்தப் பொண்ணு திரும்பிப் போனது எனக்கு இன்னும் மறக்கல.

எந்தக் கணினியிலயும் தமிழ் ஒரே மாதிரி தெரியற எழுத்துக் குறியீடு யூனிகோட். தமிழ்நாடு அரசு 2010-லயே அதைத் தரமா ஏத்துக்கிட்டாச்சு. அதனால மனுவுல கட்டாயமா எழுதுங்க: தலைப்பும் ஆசிரியர் பெயரும் தமிழ் யூனிகோட்ல இருக்கணும். அகரவரிசையையும் சோதிச்சுப் பாக்கணும். யூனிகோட்ல ள-வுக்கு அப்புறம்தான் ழ வருது, ன வந்து ந-வுக்குப் பக்கத்துலயே உக்காந்திருக்கு. அந்தக் குறியீட்டு வரிசைப்படியே அடுக்கினா "வள்ளுவர்" முன்னாடி வந்துடும், "வழி" பின்னாடி போயிடும். "மன்னன்" "மர"த்தைத் தாண்டி மேல போயிடுவான். அகராதி புரட்டிப் பழகின பெரியவங்க தேடித் தேடி சலிச்சுப் போவாங்க. தமிழ் வரிசைக்கு அமைப்பு இருக்கு, அதை ஆன் பண்ணச் சொல்லிக் கேக்கணும்.

அப்புறம் பெயர். வேதாசலம்னு போட்ட புத்தகமும் மறைமலையடிகள்னு போட்ட புத்தகமும் ஒரே ஆள் எழுதினது. திரு.வி.க.ன்னு தேடினாலும் கலியாணசுந்தரம்னு தேடினாலும் ஒரே இடத்துல போய் நிக்கணும். இதை இயந்திரம் தானா செய்யாது, தமிழ் படிச்ச ஒருத்தர் உக்காந்து இணைச்சு வைக்கணும்.

தாள் அட்டை:

அம்மா, கண் கலங்கிவிட்டது. நாங்கள் அட்டை எழுதிய காலத்தில் இதைத்தான் செய்தோம். ஒரு நூலுக்கு ஆசிரியர் அட்டை, தலைப்பு அட்டை, பொருள் அட்டை. வேதாசலம் என்ற அட்டையில் "மறைமலையடிகள் காண்க" என்று சிவப்பு மையில் எழுதுவோம். அடிகளார் சேர்த்த நூல்களைக் கொண்டு 1958-ல் நூல்நிலையம் தொடங்கியதும் நம் பக்கம் லிங்கி செட்டித் தெருவில்தான். இப்போது அது கன்னிமாரா நூலக வளாகத்தில் இருக்கிறது. அங்கே போய்ப் படித்துத்தான் நான் இந்தத் தொழிலுக்கே வந்தேன்.

பழைய அட்டைகளைக் குப்பையில் போட வேண்டாம் என்று மனுவில் ஒரு வரி சேருங்கள். அட்டைப் பெட்டியில் இருக்கும் "காண்க" குறிப்புகளைக் கணினியில் ஏற்றிய பிறகு என்ன வேண்டுமானாலும் செய்யட்டும்.

கேட்டுப் படிப்பவன்:

எனக்குப் பார்வை கிடையாது. வியாசர்பாடி. கணினியில என்விடிஏன்னு திரையில இருக்கறதை வாசிக்கற மென்பொருளைப் போட்டு, அது வாசிக்கறதைக் கேட்டுத்தான் இந்த இழையை முழுசாப் படிச்சேன்.

மின்னூலகம்னு சொல்றதுல பெரும்பாலானது பக்கத்தைப் படம் பிடிச்சு வெச்சது. திறந்தா என் காதுக்கு ஒரு சொல்லும் வராது, படம்னு மட்டும் சொல்லும், இல்லைன்னா சும்மா இருக்கும். எழுத்துணரி (ஓசிஆர்) மென்பொருள் வழியா அதை எழுத்தா மாத்தினாத்தான் எனக்கு அது புத்தகம். அதுலயும் ஒரு தடங்கல். 1978-ல எழுத்துச் சீர்திருத்தம் வந்துதில்லையா, அதுக்கு முன்னாடி அச்சான புத்தகத்துல ணை, லை, றா, னா எல்லாம் வேற வடிவம். எழுத்துணரி அதுல தடுமாறும். "நினைவு"ன்னு வர வேண்டிய இடத்துல ஏதோ ஒண்ணு வரும். கண் தெரிஞ்ச ஒருத்தர் பிழை திருத்திக் குடுத்தா ஒரு புத்தகம் எங்க எல்லாருக்கும் கிடைக்கும்.

இதுக்குச் சட்டத் தடையும் இல்ல. 2012-ல பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி, மாற்றுத்திறனாளிகள் படிக்கற வடிவத்துல பிரதி எடுக்கலாம்னு வெச்சாங்க. பார்வையில்லாதவங்களுக்குப் புத்தகம் கிடைக்க வழி செய்யற மராக்கேஷ் ஒப்பந்தத்தை 2014-ல முதல்ல உறுதி செஞ்ச நாடு இந்தியாதான். அண்ணா நூற்றாண்டு நூலகத்துல எங்களுக்குத் தனிப் பிரிவு இருக்கு, ஆனா வியாசர்பாடியிலேர்ந்து கோட்டூர்புரம் போய் வர எனக்கு ஒரு நாள் ஆயிடும், துணைக்கு ஒரு ஆளும் வேணும்.

ஒரே ஒரு கணினியில என்விடிஏ நிறுவச் சொல்லுங்க. இலவசம்தான். தமிழ்க் குரல், நல்ல ஹெட்போன் ஒண்ணு. அந்த நாற்காலிக்கு வாசல்லேர்ந்து தடுக்காம நடக்க வழி. வேற எதுவும் கேக்கல.

வண்ணை வாசகன்:

சார், நீங்க கேட்டது மனுவுல முதல் பக்கத்துல இருக்கும். பிழை திருத்தற வேலைக்கு நான் வரேன், வாரம் ரெண்டு மணி நேரம்.

ராயபுரம் அம்மா:

பிள்ளைங்களைப் பத்தி யாரும் சொல்லலையே. என் பொண்ணு மூணாவது. எங்க தெருவுல பாதி வீட்டுல கடலுக்குப் போறவங்க, விடிகாலையில ஆம்பளைங்க படகுல, பொம்பளைங்க மீன் ஏலத்துல. சாயங்காலம் பிள்ளைங்க கையில போன்தான். நூலகத்துல குழந்தைங்க புத்தகம் இருக்கு, ஆனா அலமாரி என் உயரத்துக்கு இருக்கு, அதுக்கு எட்டாது. சத்தம் போட்டா படிக்கற பசங்க திரும்பிப் பாக்கறாங்க, அவங்க மேலயும் தப்பு சொல்ல முடியாது. சனிக்கிழமை ஒரு மணி நேரம் உரக்கக் கதை படிக்க ஒரு தனி மூலை வேணும். பெரியவர் சொன்ன படிப்பகம் மாதிரி. படிச்சுக் காட்ட நான் வரேன்.

பேசின் பிரிட்ஜ்:

பொதுக் கணினி வைக்கறதா இருந்தா ஒரு எச்சரிக்கை. ஒரு இடத்துல விண்ணப்பம் போட உக்காந்தேன். டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்தா முன்னப்பின்ன தெரியாதவங்க ஆதார், மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ், வரிசையா இருக்கு. ஒரு பொண்ணோட இமெயிலும் மூடாம அப்படியே. நான் எல்லாத்தையும் அழிச்சிட்டு வந்தேன், எல்லாரும் அப்படிச் செய்வாங்களா? ஒருத்தர் எழுந்து போனதும் கணினி எல்லாத்தையும் தானா துடைக்கற மாதிரி வைக்கணும். வடசென்னையில நூலகக் கணினிக்கு முதல் நாளே வரப் போறவங்க விண்ணப்பம் போடறவங்கதான், எழுதி வெச்சுக்கோங்க.

கொளத்தூர் மேசை:

எங்க கொளத்தூர்ல 2024 நவம்பர்ல "முதல்வர் படைப்பகம்"னு ஒண்ணு திறந்தாங்க. ஒரு தளத்துல லேப்டாப்போட வேலை செய்யறவங்க, இன்னொண்ணுல போட்டித் தேர்வுக்குப் படிக்கறவங்க. அது மாதிரி படிப்பறையைத் தனியா பிரிச்சிட்டா நூலகம் நூலகமா இருக்கும். ரெண்டையும் ஒரே ஹால்ல போட்டுக் குழப்பறதாலதான் கதை படிக்கற குழந்தைக்கும் தேர்வு எழுதற பையனுக்கும் சண்டை வருது.

குரூப்4 கொருக்குப்பேட்டை:

இடம் இருந்தா பிரிக்கலாம்ணா. எங்க கிளையே ரெண்டு ரூம்தான். முழுசா பிரிச்சிருந்தா அந்த மில் புத்தகம் என் கண்ணுல பட்டிருக்காது. நேரத்தைப் பிரிக்கலாமே? சனிக்கிழமை ஒரு மணி நேரம் அக்கா கதை படிக்கட்டும், நாங்க அந்த நேரம் டீ குடிச்சிட்டு வரோம்.

தாள் அட்டை:

ஒன்றை மறந்துவிடாதீர்கள். தண்ணீர்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வடசென்னை எப்படி இருந்தது என்று உங்களுக்கே தெரியும். நான் ஓய்வுபெற்ற பிறகும் ஒரு கிளைக்கு உதவிக்குப் போனேன். கீழ் இரண்டு தட்டு முழுவதும் நனைந்திருந்தது. பலமுறை முன்கூட்டியே சொல்லியும் தரையை ஒட்டிய தட்டுகளை யாரும் உயர்த்தவில்லை. நல்ல எண்ணத்தோடு வந்த இளைஞர்கள் நூல்களைக் கொண்டுபோய் மொட்டை மாடி வெயிலில் விரித்தார்கள். அட்டை வளைந்து முறுக்கிக்கொண்டது. வழவழப்பான தாளில் அச்சான அறிவியல் நூல்கள் காய்ந்ததும் ஒரே கட்டையாக ஒட்டிவிட்டன. பிரித்தால் எழுத்து மறுபக்கத்தோடு உரிந்து வருகிறது. அத்தகைய தாளை ஈரமாக இருக்கும்போதே பக்கம் பக்கமாகப் பிரித்து, நடுவில் உறிஞ்சும் தாள் வைத்து, நிழலில் மின்விசிறிக் காற்றில் உலர்த்த வேண்டும். அதுவும் இரண்டு நாளுக்குள். தாண்டினால் பூஞ்சை. நாங்கள் உள்ளே நுழைந்ததே நான்காம் நாள்.

ஆகவே கீழ்த் தட்டு தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் இருக்கட்டும். ப்ளக் பாயின்ட், யுபிஎஸ், கணினிப் பெட்டி எதுவும் தரையில் வேண்டாம். நூற்பட்டியலின் ஒரு பிரதி வேறு கட்டடத்தில் இருக்க வேண்டும். எந்த நூல் போனது என்று தெரிந்தால்தானே திரும்ப வாங்க முடியும்? அன்று நனைந்து மை கரைந்தவற்றில் நூல்களைப் பதியும் அக்செஷன் பதிவேடும் ஒன்று.

எண்ணூர் நைட் ஷிஃப்ட்:

ஐயா, எங்க வீட்டுக்குள்ள அப்போ எண்ணெயோட சேர்ந்து தண்ணி வந்துது. நீங்க சொல்றது புரியுது. எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணினா போதும்னு நான் எழுதினது அவசரப்பட்டுட்டேன். ஆனா என் தேவைக்கும் மனுவுல ஒரு வரி வேணும். பட்டியல் இணையத்துல இருந்து, ராத்திரி போன்லயே புத்தகத்தை எனக்குன்னு எடுத்து வைக்கச் சொல்ல முடிஞ்சா, லீவு நாள்ல வந்து அஞ்சு நிமிஷத்துல வாங்கிட்டுப் போயிடுவேன்.

வண்ணை வாசகன்:

மனு நேத்து குடுத்தாச்சு. அஞ்சு பக்கம். அக்கா சொன்ன யூனிகோடும் அகரவரிசையும், என்விடிஏ கணினி, தானா துடைக்கற அமைப்பு, சனிக்கிழமைக் கதை நேரம், எண்ணூர் தம்பியோட முன்பதிவு, ஒன்றரை அடித் தட்டு, கழிவறை, மேசைக்கு மேசை ப்ளக் பாயின்ட். அலமாரியை ஒதுக்காம, படிக்கற மேசைக்கும் ஜன்னலுக்கும் நடுவுல வைக்கணும்னு நானா சேத்தேன், கொருக்குப்பேட்டை தம்பி சொன்னதை வெச்சு.

நூலகர் அம்மா படிச்சிட்டு ஒண்ணு கேட்டாங்க. "கணினி எப்ப வரும்னு தெரியாது, பட்டியலை இப்பவே ஆரம்பிக்க முடியுமா?" உள்ள போய் அக்செஷன் பதிவேட்டோட முதல் தொகுதியை எடுத்துட்டு வந்தாங்க. நீல மை, ஓரமெல்லாம் செல்லரிச்சிருக்கு, எழுத்து நல்லாவே தெரியுது. மூணு பேர் உக்காந்தோம். மதியம் வரைக்கும் 112 தலைப்பு அடிச்சோம், எல்லாம் யூனிகோட்ல. அடிக்க அடிக்க அலமாரியில இருக்கான்னு ஒருத்தர் போய்ப் பாத்துட்டு வந்தார். தொண்ணூத்தி மூணு இருந்துது. அதுல ஒண்ணு எங்கப்பா எடுத்த புத்தகம். தேதித் தாளுக்குக் கீழ அவர் உறுப்பினர் எண் இருந்துது.

வர்ற ஞாயித்துக்கிழமை காலை பத்து மணிக்குத் தொடர்றோம். தாள் அட்டை ஐயா வரேன்னிருக்கார், "காண்க" குறிப்பு எப்படிப் போடறதுன்னு சொல்லித் தருவார். தமிழ் தட்டச்சு தெரிஞ்சவங்க லேப்டாப் கொண்டு வாங்க. ப்ளக் பாயின்ட் இன்னும் ரெண்டுதான், வீட்டுலயே முழுசா சார்ஜ் போட்டுட்டு வாங்க.